20 எச்பி அவுட்போர்டுக்கு மாற்று புரொப்பெல்லர்: 12 பிட்ச் ஏன் சரிவரவில்லை, 10 எப்படிப் பொருந்தியது

படகும் புகாரும்

4.3 மீட்டர் நீள அலுமினியப் படகு. பின்பலகையில் 20 எச்பி நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டும் மோட்டார். இரண்டு சிலிண்டர், கார்புரேட்டர், கைப்பிடியால் திருப்பும் வகை. கியர் விகிதம் 2.08, அதாவது இன்ஜின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். முழு திராட்டிலில், அதாவது வேகக் கட்டுப்பாட்டை முழுதாகத் திறந்த நிலையில், இன்ஜின் 5000 முதல் 6000 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கான சுற்று) ஓட வேண்டும் என்பது கையேட்டுக் கணக்கு. இரண்டு பேர் போனால் படகு, மோட்டார், எரிபொருள் எல்லாம் சேர்த்து எடை ஏறக்குறைய 370 கிலோ. நான்கு பேரும் சாமான்களும் ஏறினால் 570 கிலோ. படகு பெரும்பாலும் ஓடுவது இந்த இரண்டாவது எடையில்தான். இந்த விவரத்தை முதலிலேயே கேட்டிருந்தால் நடுவில் ஒரு புரொப்பெல்லர் வீணாக வாங்கப்பட்டிருக்காது.

ஆரம்பம் ஒரு பாறை. ஆழமில்லாத இடத்தில் மூன்று இறக்கைகளும் உரசி, நுனிகள் மடங்கின. அதன் பிறகு மெதுவாகப் போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை. திராட்டிலைத் திறந்ததும் இன்ஜின் அலறும். படகோ வேகம் எடுக்காது. திராட்டிலைக் குறைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இந்த அறிகுறிக்கு இரண்டு காரணங்கள்தான் முன்னே நிற்கும். ஒன்று, புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொள்வது. மற்றது, புரொப்பெல்லரின் நடுப்பகுதியான ஹப்பின் உள்ளே அழுத்திப் பொருத்தியிருக்கும் ரப்பர் புஷ் பிடி விட்டுச் சுழல்வது. காற்றை இழுப்பது என்றால் திருப்பத்திலும் அலையிலும் மோட்டாரை அதிகம் சாய்த்து வைத்திருக்கும்போதும் வரும். நேராக, அமைதியான நீரில் போகும்போது அடங்கும். ரப்பர் நழுவுவது அப்படியல்ல. கண்ணாடி போன்ற நீரிலும், நேர் கோட்டிலும், குறிப்பிட்ட ஒரு திராட்டில் அளவைத் தாண்டிய உடனே நழுவும். சூடேறச் சூடேற இன்னும் சீக்கிரம் நழுவும். இங்கே கண்டது இரண்டாவது வகை.

ஊகத்தை உறுதிப்படுத்த ஒரு பெயிண்ட் பேனா போதும். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் உள் ஸ்லீவில் தொடங்கி ரப்பரைக் கடந்து வெளி ஹப் வரை ஒரே நேர்கோடு. ஸ்லீவின் முனை மறைந்திருக்கும் மாடல்களில் நட்டின் விளிம்பிலிருந்து ஹப்புக்குக் கோடு போடலாம். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு பளு ஏற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். கோடு கால் சுற்று விலகியிருந்தது. வழக்கு அங்கேயே முடிந்தது: ஹப் போய்விட்டது.

ரப்பர் நழுவுவதைப் பழுது என்று மட்டும் பார்க்கக் கூடாது. பாறையில் அடிபடும்போது கியர்களும் ஷாஃப்ட்டும் உடையாமல் இருப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. நழுவிய ஹப்போடு குறைந்த திராட்டிலில் கரை சேர்ந்துவிடலாம். வேறு ரப்பர் அழுத்திப் பொருத்துவதும் முடிகிற வேலைதான். ஆனால் சிறிய அலுமினியப் புரொப்பெல்லரில், அதுவும் இறக்கைகளும் மடங்கிய நிலையில், புதியதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

நடுவில் வாங்கியது

பழைய புரொப்பெல்லரில் அச்சடித்திருந்த எண்கள் தேய்ந்தும் பெயிண்டுக்கு அடியில் மறைந்தும் போயிருந்தன. கடையில் ஷாஃப்ட்டைப் பற்றிக்கொள்ளும் ஸ்ப்லைன் பற்களை எண்ணிப் பார்த்தார்கள், பொருந்தியது. விட்டத்தை ஒப்பிட்டார்கள், ஒன்றாக இருந்தது. கையிருப்பில் இருந்தது 9¼ × 12. பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்ற பொது நம்பிக்கையும் சேர்ந்துகொள்ள, அதுவே படகில் ஏறியது.

இந்த இரட்டை எண்ணில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் திருகாணி இறங்குவதைப் போல, வழுக்கலே இல்லாமல் புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறுமோ அதுதான் பிட்ச். 12 பிட்ச் என்றால் ஏட்டளவில் சுற்றுக்கு 12 அங்குலம். நீர் மரமல்ல என்பதால் உண்மையில் கிடைப்பது குறைவு. அந்தக் குறைவைத்தான் ஸ்லிப் என்கிறோம்.

புதிய புரொப்பெல்லரோடு இரண்டு பேர் போனபோது படகு நன்றாகவே ஓடியது. நான்கு பேர் ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. முழு திராட்டிலிலும் படகு நீருக்கு மேல் எழவில்லை, அதாவது நீர்ப்பரப்பின் மேல் சறுக்கி ஓடும் நிலைக்கு வரவில்லை. இன்ஜின் சரியில்லை, கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்பது வரை பேச்சு போனது.

அளப்பதற்கு முன்

புரொப்பெல்லரைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்றவற்றை விலக்க வேண்டும். இதில் அவசரப்படுபவர்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் புரொப்பெல்லர் வாங்குகிறார்கள்.

முதலில் திராட்டில் உண்மையிலேயே முழுதாகத் திறக்கிறதா? கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்ச்சி இருந்தால் கைப்பிடி முடிவு வரை திரும்பும், கார்புரேட்டர் திறப்பு முடிவு வரை போகாது. அதிலேயே சில நூறு ஆர்பிஎம் காணாமல் போகும். இன்ஜினை நிறுத்தி, மேல் மூடியைத் திறந்து, ஒருவர் கைப்பிடியைத் திருப்ப மற்றவர் பார்க்க வேண்டும். பல கைப்பிடி மோட்டார்களில் நியூட்ரலில் திராட்டில் பாதிக்கு மேல் திறக்காதபடி தடுப்பு இருக்கும். அதனால் முன் கியரில் வைத்துத்தான் இதைப் பார்க்க முடியும். இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச்சின் கயிற்றைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் வயர்களையும் எடுத்துவிட்ட பிறகுதான் கியரைத் தொட வேண்டும். கியர் விழ மறுத்தால் புரொப்பெல்லரைக் கையால் சற்றே திருப்பினால் விழும். இந்த மோட்டாரில் திறப்பு முழுமையாக இருந்தது.

அடுத்து உயரம். படகின் அடிப்பகுதியில் ஒரு நேரான பலகையை ஒட்டி வைத்து, பின்னால் மோட்டார் வரை நீட்டினால், புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் கிடைத்தகடு அந்தக் கோட்டுக்குச் சமமாகவோ 25 மிமீ வரை கீழாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் காற்று இழுக்கும். மிகவும் கீழே போனால் இழுவை கூடி வேகம் சாகும். இங்கே 15 மிமீ கீழே. குறை சொல்ல ஒன்றுமில்லை. மோட்டாரின் சாய்வுக் கோணத்தை நிறுத்தும் பின்னும் சரியான துளையில்தான் இருந்தது: படகு ஓடும்போது தகடு நீர்ப்பரப்புக்கு இணையாக இருந்தது.

படகின் அடியில் பாசியோ சிப்பியோ ஒட்டவில்லை. தரைப்பலகைக்கு அடியில் மட்டும் ஒரு வாளிக்கு மேல் நீர் தேங்கி நின்றது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. வேகம் எடுக்கும்போது அந்த நீரெல்லாம் பின்னால் ஓடி, எடை வேண்டவே வேண்டாத இடத்தில் போய் உட்காரும். அதை இறைத்த பிறகே ஓட்டம் தொடங்கியது. உயரமான இடத்து ஏரியில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் தன் திறனில் ஏறக்குறைய 3 சதவீதத்தை இழக்கும்.

இறுதியாக, ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர். இந்த அளவு மோட்டார்களில் அது பெரும்பாலும் இருக்காது. ஸ்பார்க் பிளக் வயரில் நான்கைந்து சுற்று சுற்றிக் கட்டும் சிறிய மின்னணு மீட்டர் போதும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பல சிறிய அவுட்போர்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விடுகின்றன, ஒன்று பயன்படும், மற்றது வெளியேற்ற ஸ்ட்ரோக்கில் வீணாகப் போகும். மீட்டரை இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று அமைத்தால் 5400 சுற்றுகிற இன்ஜின் 10,800 என்று காட்டும். திராட்டிலை மூடி ஐடிலில் வைத்துப் பார்த்தாலே இது பிடிபடும். கையேட்டில் 950 என்று இருக்க, மீட்டர் 1900 காட்டினால் அமைப்பு தவறு, 475 காட்டினாலும் தவறு.

12 பிட்சில் கிடைத்த எண்கள்

காற்றில்லாத நேரம், எரிபொருள் தொட்டி நிறைந்த நிலை, ஒரே பாதையில் போக ஒன்று வர ஒன்று, இரண்டின் சராசரி. வேகம் ஜிபிஎஸ்ஸில். வேகம் ஏறி நிலையான பிறகு குறிக்கப்பட்டவை மட்டுமே கணக்கில் சேர்ந்தன.

இரண்டு பேர்: 5150 ஆர்பிஎம், மணிக்கு 36 கிமீ.
நான்கு பேர்: 4300 ஆர்பிஎம், மணிக்கு 17 கிமீ, படகு எழவில்லை.

முதல் வரியைத் தனியாகப் பார்த்தால் யாரும் ஏமாந்துபோவார்கள். 5150 என்பது கையேடு சொல்லும் 5000–6000 எல்லைக்குள்தான் இருக்கிறது. குறைந்த எடையில் ஒரு முறை ஓட்டிவிட்டு, எல்லைக்குள் வந்துவிட்டது என்று திருப்தியடைந்தால் பிரச்சினை புதைந்துபோகும். எல்லையின் அடிவாரத்தில், அதுவும் குறைந்த எடையில், இன்ஜின் நிற்கிறது என்றால் எடை கூடும்போது அது எல்லைக்கு வெளியே விழும் என்று அர்த்தம்.

ஸ்லிப்பையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆர்பிஎம்மைக் கியர் விகிதத்தால் வகுத்து, அங்குலப் பிட்சால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கினால் ஏட்டளவு வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 5150-ஐ 2.08-ஆல் வகுத்தால் 2476. 12-ஆல் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்க 45.3 கிமீ. கிடைத்தது 36. ஸ்லிப் 20 சதவீதம். மேலெழுந்து ஓடும் இலகுவான படகுக்கு 10 முதல் 20 வரை வழக்கம் என்பதால் இது மேல் விளிம்பு. நான்கு பேர் நிலையில் ஏட்டளவு வேகம் 37.8, கிடைத்தது 17. ஸ்லிப் 55 சதவீதம். நீரைத் தள்ளிக்கொண்டே உழுகிற படகில் ஸ்லிப் இப்படித்தான் இருக்கும். இது புரொப்பெல்லர் கெட்டுப்போனதைக் காட்டும் எண் அல்ல.

முழு திராட்டிலில் 4300-இலேயே அடங்கி நிற்பது வேகப் பிரச்சினையோடு முடிவதில்லை. திறப்பு முழுதாக, எரிபொருள் முழுதாக உள்ளே வருகிறது. இன்ஜினோ அதற்குரிய சுற்றுக்கு ஏற முடியவில்லை. சிலிண்டரில் அழுத்தமும் சூடும் கூடுகின்றன, பிஸ்டன் தலையில் கரி படிகிறது, தட்டல் வரலாம், பேரிங்குகள் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்குகின்றன. சத்தம் குறைவாக இருப்பதால் இன்ஜின் சுகமாக ஓடுவதாகத் தோன்றும். அதிக ஆர்பிஎம்மில் கெட்டுப்போன சிறிய அவுட்போர்டுகளைவிட, சுற்ற விடாமல் திணறடித்துக் கெட்டுப்போனவை குறைவாக இருக்காது என்பதே இங்கே சொல்ல வேண்டியது.

பழையதின் பிட்சை அளந்தது

எண் அழிந்த புரொப்பெல்லரின் பிட்சை வீட்டு மேசையிலேயே அளக்கலாம். மடங்கிய நுனிகள் தடையில்லை, அளக்கும் இடம் உள்ளே இருக்கிறது.

புரொப்பெல்லரை ஹப்பின் அடி கீழே இருக்கும்படி சமதளத்தில் வைக்க வேண்டும். மையத்திலிருந்து ஆரத்தின் 70 சதவீதத்தில், விட்டம் 9¼ அங்குலம் என்றால் ஏறக்குறைய 82 மிமீ தூரத்தில், அதிகம் அடிபடாத இறக்கையின் மேல் பென்சிலால் ஒரு வில் வரைய வேண்டும். அந்த வில் இறக்கையின் முன்விளிம்பைத் தொடும் புள்ளி ஒன்று, பின்விளிம்பைத் தொடும் புள்ளி ஒன்று. மூலைமட்டத்தால் இரண்டு புள்ளிகளின் உயரத்தையும் மேசையிலிருந்து அளந்து வித்தியாசம் எடுக்க வேண்டும். பிறகு அந்த இரண்டு புள்ளிகளையும் கீழே காகிதத்தில் இறக்கிக் குறித்து, மையத்தோடு இணைத்து, நடுவிலுள்ள கோணத்தை அளக்க வேண்டும். உயர வித்தியாசத்தை 360-ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுத்தால் பிட்ச்.

இங்கே உயர வித்தியாசம் 58 மிமீ, கோணம் 76 பாகை. 58 × 360 ÷ 76 = 275 மிமீ, அதாவது 10.8 அங்குலம். அரை அங்குலப் பிசகு இந்த முறையில் இருக்கும். பிட்சுகள் பெரும்பாலும் முழு அங்குலப் படியில் வருவதால் பழையது 11 என்று கொள்ளலாம். பின்விளிம்பில் உதடு போல வளைவு இருந்தால் அதை விட்டுவிட்டு அளப்பதே மேல், இல்லாவிட்டால் எண் கூடுதலாக வரும். அந்த வளைவுக்கும் தனிப் பலன் உண்டு: அதே பிட்சில் ஆர்பிஎம்மை 150 முதல் 300 வரை கீழே இறக்கும்.

விட்டத்தை அளப்பதும் எளிது. மூன்று இறக்கைப் புரொப்பெல்லரில் நுனிக்கு நுனி நேராக அளக்க வழியில்லை. மையத்திலிருந்து ஒரு நுனி வரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும்.

ஆக, பாறையில் அடிபட்டது 11. அதற்கு மாற்றாக வந்தது 12. மாற வேண்டிய திசைக்கு நேர் எதிர்த் திசையில் ஒரு படி போயிருக்கிறது. அதற்காகப் பழைய 11-ஐயே மறுபடி வாங்குவதும் விடையல்ல. அந்த 11 எந்த எடைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. பழைய எண் தேடலைத் தொடங்கும் இடம் மட்டுமே. முடிவைச் சொல்ல வேண்டியது, படகு வழக்கமாகச் சுமக்கும் எடையில் இன்ஜின் காட்டும் ஆர்பிஎம்.

10-ஆ, 9-ஆ?

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஆர்பிஎம் 200 வரை ஏறும் என்பது பரவலான கணக்கு. பெரிய மோட்டார்களில் 19, 21 பிட்சுகளோடு பழகியவர்கள் சொல்வது அது. 10 பிட்சுக்குப் பக்கத்தில் ஓர் அங்குலம் என்பது பத்தில் ஒரு பங்கு. அதனால் சிறிய மோட்டாரில் ஏற்றம் 300, 400 என்றும் இருக்கும். இரண்டு பேர் நிலைக்கு ஒரு தோராயம்: 5150-ஐ 12-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 6180. பளு குறையும்போது ஸ்லிப்பும் குறைவதால் உண்மை இதற்குக் கீழேதான் நிற்கும். நான்கு பேர் நிலைக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது. எழாத படகும் எழுந்த படகும் நீரில் இரண்டு வேறு ஜீவன்கள். படகு எழுந்துவிட்டால் எதிர்ப்பு விழுந்து, ஆர்பிஎம் பிட்ச் கணக்கைத் தாண்டித் துள்ளும்.

ஒரே தொடரைச் சேர்ந்த 10-உம் 9-உம் மாற்றி மாற்றி ஓட்டப்பட்டன. இரண்டும் மூன்று இறக்கை அலுமினியம்.

10 பிட்ச், இரண்டு பேர்: 5900 ஆர்பிஎம், 37 கிமீ, ஸ்லிப் 14 சதவீதம்.
10 பிட்ச், நான்கு பேர்: 5350 ஆர்பிஎம், 30 கிமீ, ஸ்லிப் 23 சதவீதம்.
9 பிட்ச், இரண்டு பேர்: 6200 ஆர்பிஎம், 35 கிமீ, இன்ஜின் சுற்றை எல்லைக்குள் நிறுத்தும் லிமிட்டரைத் தொட்டுத் தடுமாறியது.
9 பிட்ச், நான்கு பேர்: 5650 ஆர்பிஎம், 29 கிமீ, ஸ்லிப் 22 சதவீதம்.

பிட்சைக் குறைத்தும் இரண்டு பேர் நிலையில் வேகம் 36-இலிருந்து 37 ஆனது. இன்ஜின் தன் முழுத் திறனைக் கொடுக்கும் சுற்றுக்கு வந்ததுதான் காரணம். 9-க்கு இறங்கியதும் சுற்றுக்கு எல்லை வந்துவிட, வேகம் குறைந்தது.

நான்கு பேரோடு மட்டும் ஓடுகிற படகென்றால் 9-தான் சரியான தேர்வு. 5650 எல்லையின் மேல் பாதியில் நிற்கிறது, படகும் சீக்கிரம் எழுகிறது. இந்தப் படகு சில நாள் இரண்டு பேரோடும் போகிறது, அப்போது கைப்பிடியை முழுதாகத் திருப்பாமல் யாரும் இருக்கப்போவதில்லை. ஆகவே 10. அதிக எடையில் எல்லைக்குள் நன்றாக இருக்கிறது, குறைந்த எடையில் எல்லையைத் தாண்டவில்லை. இரண்டு பிட்சுகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல், ஓட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் நிற்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை குறைந்த பிட்ச். கூடுதல் சுற்றைக் கையால் குறைத்துக்கொள்ளலாம். இல்லாத இழுவையைக் கையால் கொண்டுவர முடியாது.

நான்கு இறக்கை வகையும் பேச்சில் வந்தது. நீரில் நல்ல பிடிப்பு, படகின் பின்பக்கத்தைத் தூக்கும் திறன், குறைந்த வேகத்திலும் எழுந்தே நிற்பது ஆகியவை அதன் பலங்கள். உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும். மூன்று இறக்கையிலிருந்து நான்குக்கு மாறினால் பிட்சில் ஓர் அங்குலம் குறைக்க வேண்டும். 10 பிட்ச் மூன்று இறக்கை வேலையை முடித்துவிட்டதால் அந்தப் பக்கம் போகத் தேவைப்படவில்லை. துருப்பிடிக்காத எஃகுப் புரொப்பெல்லர் மெல்லிய இறக்கையும் விறைப்பும் கொண்டது, வேகம் தரும். பாறை உள்ள நீரில், இந்த அளவு மோட்டாரில், அதற்குச் செலவிடுவது சரியாகப் படவில்லை. அலுமினியம் தான் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும். எஃகு மடங்காது, அதிர்ச்சியை உள்ளே கியருக்கு அனுப்பிவிடும்.

எண்கள் ஒத்தும் பொருந்தாமல் போவது

விட்டமும் பிட்சும் ஒத்தால் போதாது. ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கையோடு ஷாஃப்ட்டின் தடிமனும் ஒத்திருக்க வேண்டும். ஹப்பின் வெளிவிட்டம் கியர் பாக்ஸின் பின் முனையோடு ஒரே மட்டத்தில் சேர வேண்டும். ஹப் வழியாகப் புகை வெளியேறும் மோட்டாரில், உள்வழி அடைபட்ட வகைப் புரொப்பெல்லரைப் போட்டால் புகை போக இடமின்றி இன்ஜின் மூச்சுத் திணறும். ஹப் சிறியதாக இருந்து இடைவெளி விட்டால் புகை இறக்கைகளின் மேலேயே கசிந்து பிடிப்பைக் கெடுக்கும். விட்டத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. நுனிக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே வடிவமைத்தவர் விட்ட இடைவெளி அப்படியே இருக்க வேண்டும். மோட்டாரின் மாடல் எண்ணும் தயாரித்த ஆண்டும் கையில் இருந்தால், தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலே இவற்றில் பாதியைத் தீர்த்துவிடும்.

மாட்டியது

கில் ஸ்விட்ச் கயிறு கழற்றப்பட்டது, பிளக் வயர்கள் எடுக்கப்பட்டன. இறக்கைக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை. நட்டைத் தளர்த்தும்போது புரொப்பெல்லர் சுற்றாமல் அது பிடித்துக்கொள்ளும். கையால் இறக்கையைப் பிடித்து நட்டைத் திருகுபவர்களின் விரல்களில் வடு இருக்கும்.

நட்டு கழன்றுவிடாமல் பூட்டும் காட்டர் பின், நட்டு, பின்பக்க ஸ்பேசர், புரொப்பெல்லர், முன்பக்கத் திரஸ்ட் வாஷர். கழற்றும்போது இந்த வரிசையை ஒரு துணியில் அப்படியே பரப்பி வைக்க வேண்டும். திரஸ்ட் வாஷரின் உட்புறம் கூம்பாக இருக்கும். ஷாஃப்ட்டின் கூம்புப் பகுதியில் அது உட்கார்ந்து படகைத் தள்ளும் விசை முழுவதையும் வாங்கிக்கொள்ளும். பழைய புரொப்பெல்லரோடு ஒட்டிக்கொண்டு வந்து குப்பைக்குப் போவது பெரும்பாலும் இதுதான். இது இல்லாமல் மாட்டினால் ஹப் முன்னால் நகர்ந்து கியர் பாக்ஸை அரைக்கத் தொடங்கும். திருப்பி மாட்டினாலும் அதே கதி.

இறுகிப்போன புரொப்பெல்லரை எடுக்க ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, ஹப்புக்குப் பின்னால் மரத்தை வைத்து மெல்லத் தட்டலாம். இறக்கையில் சுத்தியல் படக் கூடாது. தீயைக் காட்டினால் ரப்பர் உருகி நச்சுப்புகை விடும், கியர் பாக்ஸில் எண்ணெய் கசியாமல் காக்கும் சீலும் போகும்.

ஷாஃப்ட் வெளியே தெரிகிற இந்தச் சமயத்தை வீணாக்கக் கூடாது. தூண்டில் நரம்பு திரஸ்ட் வாஷருக்கு முன்னால் சுருண்டு சீலுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மோட்டாரில் கைப்பிடி அளவு நரம்பு எடுக்கப்பட்டது. பாறையில் அடிபட்ட மோட்டார் என்பதால் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். கியர் பாக்ஸில் ஒரு கம்பியைக் கட்டி அதன் முனையை ஷாஃப்ட் நுனிக்கு மயிரிழை தூரத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஷாஃப்ட்டைச் சுற்றினால் இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் புதிய புரொப்பெல்லர் மாட்டிப் பயனில்லை. அதிர்வு சீலையும் பேரிங்கையும் தின்றுவிடும். இங்கே ஷாஃப்ட் நேராகவே இருந்தது.

ஸ்ப்லைன் முழுவதும் நீரில் கரையாத மரைன் கிரீஸ் பூசி, திரஸ்ட் வாஷர், புரொப்பெல்லர், ஸ்பேசர், நட்டு. முறுக்கு கையேட்டின்படி, இந்த மோட்டாருக்கு 17 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கில் காட்டர் பின் துளை நட்டின் பள்ளத்தோடு நேராக வராவிட்டால் அடுத்த பள்ளம் வரும்வரை இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. காட்டர் பின் புதியது, துருப்பிடிக்காத எஃகு. இரண்டு கால்களையும் எதிரெதிராக மடக்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது காசு மிச்சமாகும் இடமல்ல.

6 எச்பிக்குக் கீழான பல மோட்டார்களில் ரப்பர் ஹப்புக்குப் பதில் ஷியர் பின் இருக்கும். அடிபடும்போது அறுபடுவதே அதன் வேலை. அறுந்த இடத்தில் ஆணியையோ கடின எஃகுக் கம்பியையோ செருகிவிட்டு ஓட்டுவது, ஒரு சிறிய பின்னுக்குப் பதிலாகக் கியரை உடைக்கக் கொடுப்பது.

முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டின் முறுக்கு மறுபடி சோதிக்கப்பட்டது. புதிய பாகங்கள் உட்காரும்போது சற்றே தளர்வது இயல்பு. நரம்பு சீல் வரை போயிருந்ததால் கியர் ஆயிலும் பார்க்கப்பட்டது. மோட்டாரை ஓர் இரவு நிமிர்த்தி நிறுத்திவிட்டு, காலையில் கீழ் வடிதிருகை மட்டும் லேசாகத் தளர்த்தினால், நீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். ஆயில் பால் நிறமாக வந்தால் சீல் மாற்றாமல் ஓட்டக் கூடாது. வந்தது சுத்தமான ஆயில். வடிதிருகின் வாஷரைப் புதிதாகப் போட்டு மூடினார்கள்.

12 பிட்ச் புரொப்பெல்லரை விற்கவில்லை. ஹப்பில் பெரிதாக 12 என்று பெயிண்டால் எழுதி, ஒரு பையில் மாற்று நட்டு, திரஸ்ட் வாஷர், இரண்டு காட்டர் பின், இடுக்கி, ஸ்பேனர், மரக்கட்டை ஆகியவற்றோடு படகிலேயே வைத்துவிட்டார்கள். 10 எங்காவது அடிபட்டால், நான்கு பேரோடும் பாதித் திராட்டிலில் கரைக்குத் திரும்ப அது போதும்.